மூத்தவளின் தாய்வீடு

சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூரில் முழங்கால் நனைப்பது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். "சுறாவுக்கும் இதே வேலைதான் மேடம், தட்டு மட்டும் கொஞ்சம் பெரிசு" என்று ஒருவர் ஆசை காட்டினார். புத்தி எங்கே போயிற்றோ, சுறா இனத்தைக் காப்பாற்றும் ஒரு திட்டத்துக்குக் கிளம்பி வந்துவிட்டேன். என் அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் "வடிவு டாக்டரா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். யாருக்கு டாக்டர் என்று சொல்வதில்லை.

வெண்முனைச் சுறா கரையோரம் வருகிற மீன் இல்லை. அடியும் தெரியாத, கரையும் தெரியாத நடுக்கடல் நீலத்தில் வாழ்வது. துடுப்புகளின் நுனியை மட்டும் யாரோ சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும். பயந்த சுபாவம் கிடையாது. கப்பலைக் கண்டால் ஓடாமல், என்னவென்று பார்க்க வரும். அந்தக் குணமே அதற்கு எமனாயிற்று. சூரை மீனுக்குப் போட்ட தூண்டிலிலெல்லாம் அதுவே முந்திக்கொண்டு வந்து மாட்டியது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் சாதியாக இருந்தாலும் பரவாயில்லை. இது நம்மைப் போல நச்சுக்கொடியும் தொப்புள்கொடியுமாக ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து, ஐந்தோ ஆறோ குட்டி போடும். நான் வேலையில் சேர்ந்தபோது அரபிக்கடலில் அதைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்போதுதான் கருத்தொட்டி வந்தது. தூண்டிலில் மாட்டிய தாய்ச்சுறா நீந்த முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வயிற்றிலிருக்கும் குட்டிகளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். அவற்றை எடுத்து, கொடியைச் செயற்கை நச்சுத்தட்டில் பொருத்தி, படகிலேயே ஒரு தொட்டியில் வளர்த்து, மாதம் நிறைந்ததும் கொடியை அறுத்துக் கடலில் விடுவது. இதுதான் திட்டம். ஐஸ் அறையில் பாதியைத் தொட்டி பிடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சுறா பிடிக்கப் போன குமரிக் கடற்கரை ஆட்கள்தான் அந்தத் தொட்டிகளுக்குத் தாதிகள் ஆனார்கள். முதலில் கேலி பேசிச் சிரித்தார்கள். கொஞ்ச காலத்தில், கொடி அறுக்கிற நாளில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர்களே அறுத்தார்கள்.

'அமலோற்பவம்' என்ற படகில் ஐந்து குட்டிகள் அப்படிப் பிழைத்தன. படகின் தலைவரை அந்தப் பக்கம் ஸ்ராங்கு என்பார்கள். அமலோற்பவத்தின் ஸ்ராங்கு ததேயு, முதலில் கடலில் விட்ட குட்டிக்கு 'மூத்தவ' என்று பேர் வைத்தார். அதன் முதுகுத் துடுப்பில் நான் ஒரு கருவியைப் பொருத்தினேன். மேலே வரும்போதெல்லாம் தான் இருக்கும் இடத்தையும் உடம்பின் நிலவரத்தையும் வானத்துக்குச் சொல்லிவிடும் கருவி. மற்ற நாலின் கருவிகள் ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டன. மூத்தவள் மட்டும் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் மேலிடத்தில் இன்னொரு நல்ல காரியம் யோசித்தார்கள். சுறா பெருக வேண்டுமென்றால் படகு குறைய வேண்டும் என்று பழைய டீசல் படகுகளை வாங்கி உடைத்தார்கள். மிஞ்சிய படகுகளுக்குச் சத்தமே போடாத பேட்டரி மோட்டார் பூட்டினார்கள். அமலோற்பவமும் உடைபட்டது. யாரும் குறை சொல்ல முடியாத காரியம்தான்.

இந்த வருஷம் மூத்தவள் உண்டானாள். தொட்டியில் பிறந்த சுறா கடலில் தானாகக் கருத்தரித்தது அதுதான் முதல் முறை. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். ஆனால் நாள் நெருங்கியது, தாண்டியது, குட்டி போடவில்லை. ஓரிடத்துக்குப் போவாள், சுற்றுவாள், அங்கிருந்து எங்கோ தூரத்துக்குப் போவாள், மறுபடியும் சுற்றுவாள். சரியாகத் தின்னவும் இல்லை. பசி என்றார் ஒருவர், நோய் என்றார் ஒருவர், தண்ணீர் சூடாகிவிட்டது என்றார் இன்னொருவர். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் குட்டிகள் உள்ளேயே செத்துவிடும், தாயும் மிஞ்சமாட்டாள் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் சுற்றிய இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு கோணல் யோசனையில் அமலோற்பவத்தின் பழைய பயணங்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று நாளில் எங்களால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, ததேயுவைப் பார்க்க பஸ் ஏறினேன்.

ததேயு இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வீட்டு முன்னால் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரே! ஆளைக் காணவே இல்லியே. சுறாவெல்லாம் சொகமா இருக்கா?"

"ஒருத்திக்குத்தான் சொகமில்ல அண்ணாச்சி. மூத்தவ மாசமா இருக்கா."

கையிலிருந்த குழாய் கீழே விழுந்து தண்ணீர் தெருவுக்கு ஓடியது.

"எனக்க மூத்தவளா?"

"ஒங்க மூத்தவதான். நாள் தாண்டிட்டு. பெறாம அலையுதா."

"சீக்காயிருக்கும். இல்லேன்னா ஏதாவது முள்ளு தொண்டையில மாட்டியிருக்கும்."

"அதெல்லாம் இல்ல. இங்க பாருங்க." வேனின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தேன். "செவப்புப் புள்ளியெல்லாம் அவ போய்ச் சுத்துன எடம். இந்த நீலக்கோடு, அமலோற்பவம் கடைசி வருசங்கள்ல மீன்பிடிக்கப் போன வழி. ஒரு புள்ளியாவது கோட்டை விட்டு வெளிய இருக்கா சொல்லுங்க."

அவர் குனிந்து விரலால் கோட்டைத் தடவினார்.

"ஆமை தான் பொறந்த மணலைத் தேடி வந்துதான் முட்டை போடுது, தெரியும்லா? சுறாவுலயும் சில சாதி அப்படித்தான், பொறந்த எடத்துக்கே குட்டி போட வருது. கொடி அறுந்ததும் முதல்ல என்ன படுதோ, வாசனையோ அதிர்வோ, அது மூளையில ஒட்டிக்கிடுதுன்னு நெனைக்கோம். மத்த சுறாவுக்கு அது கடல்ல ஒரு எடம். இவளுக்கு என்ன இருந்துச்சு? ஒரு தொட்டி. தொட்டியைச் சுத்தி ராப்பகலா ஒரே இன்ஜினோட அதிர்வு, கொடி அறுத்தப்பவும் அதேதான். அவளுக்கு ஊரு, கடல், எல்லாம் அந்த இன்ஜின்தான். அது போன வழியெல்லாம் தேடி அலையுதா."

ததேயு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா" என்றார். "வந்தவ வீட்டைக் காணாம நிக்கா."

நான் அப்படி யோசித்திருக்கவில்லை. ஆராய்ச்சிக்காரி என்று பெயர். மூன்று நாளாக 'பிறப்பிடம் திரும்பும் பண்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"எனக்க ஷைனிக்கும் அது வாய்க்கல்ல, கேட்டியளா" என்றார். ஷைனி அவருடைய ஒரே மகள், அயர்லாந்தில் நர்ஸ். "அவளுக்கு லீவு கெடைக்கல்ல, எங்களுக்கு விசா கெடைக்கல்ல. பிள்ளையைப் போன்ல பாத்தோம். அவளுக்க அம்மை அன்னைக்கு அழுத அழுகை... அது போட்டும். இவளுக்காவது வீடு வேணும் டாக்டரே. என்ன செய்யணும் சொல்லுங்க."

"அதே கம்பெனி இன்ஜின் சத்தத்தைத் தண்ணிக்குள்ள ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தோம். வந்தா. ஒரு சுத்து சுத்துனா. போயிட்டா."

"போவாம பின்ன? அவளுக்க வீட்டு இன்ஜினுக்கு ஒரு நொண்டல் உண்டும். நடுக்கடல்ல வச்சு நாங்களே மாத்தின பிஸ்டன், ஒழுங்கா சேரல்ல. நாலு தட்டு தட்டி அஞ்சாவது தட்டுல ஒண்ணு இழுக்கும்."

"அதோட ஸ்பீக்கரால அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் கொண்டுவர முடியாது. படகோட ஒடம்பு முழுக்கச் சேர்ந்து அதிரணும். அந்த இன்ஜினேதான் வேணும் அண்ணாச்சி. எங்க இருக்கு?"

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. படகு உடைத்த இடத்தில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதோடு சரி. பள்ளிக்கூட வேனிலேயே தேடக் கிளம்பினோம். குளச்சலில் ஓர் ஐஸ் பேக்டரி என்றார்கள். அங்கிருந்து ஒரு கல்குவாரிக்குப் போயிற்று என்றார்கள். குவாரிக்காரர் அதை ஒரு மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நாங்கள் போய் இறங்கிய நேரம் உள்ளே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, ஊரில் கரண்ட் இல்லை. பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து டபடபவென்று சத்தம் வந்தது. ததேயு ரோட்டிலேயே நின்றுவிட்டார். முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"அதாக்கும்" என்றார்.

மண்டபத்து முதலாளி எட்வர்ட் பந்தியைக் கவனிக்கிற மும்முரத்தில் இருந்தார்.

"ஜெனரேட்டரா? முகூர்த்த மாசத்துல ஜெனரேட்டரைக் கேக்கியளே, உங்களுக்கு மனசாட்சி உண்டுமா?"

"ஒரு பிரசவம் முதலாளி" என்றார் ததேயு.

"பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குல்லா போவாவ?"

நான் குறுக்கே புகுந்து சுறா, கொடி, அதிர்வு என்று முழுவதையும் சொன்னேன். அவர் கையில் சாம்பார் வாளியோடு கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் ததேயுவை மட்டும் பார்த்து, "இந்தம்மா நெசமாவே டாக்டரா?" என்றார்.

"நெசமாவே டாக்டராக்கும். மனுசப் பிள்ளைக்கும் பாத்திருக்காவ."

எட்வர்ட் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மணமகளின் அம்மா யாரையோ கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அடுத்த முகூர்த்தத்துக்கு முன்ன கொண்டு வந்து தரணும். சுறா குட்டி போட்டாலும் சரி, போடல்லன்னாலும் சரி."

ததேயுவின் தங்கை மகன் யூஜினிடம் ஒரு படகு இருந்தது. டீசலிலிருந்து பேட்டரிக்கு மாறிய படகு. பழைய இன்ஜின் இருந்த இடம் காலியாக, கயிறும் மிதவையும் போட்டு வைக்கும் இடமாகக் கிடந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கிரேன் வைத்து இன்ஜினை அதற்குள் இறக்கினோம். திட்டத்தின் டைரக்டரிடம் அனுமதி கேட்டபோது அவர் சென்னையிலிருந்து ஆர்வம் தாங்காமல் கத்தினார். கேமரா, தண்ணீருக்குள் இறக்கினால் சென்னையிலேயே கேட்கும் மைக், செயற்கைக்கோள் போன் எல்லாம் மறுநாளே வந்து சேர்ந்தன. ஒரு காலத்தில் பெண்பிள்ளை காலடி வைத்தால் மீன் படாது என்று என்னை ஏறவிடாமல் நிறுத்திய துறைமுகம் அது. இப்போது யூஜினின் ஆட்கள், "டாக்டரம்மா முதல்ல ஏறட்டும், பிரசவக் காரியம்" என்று வழி விட்டார்கள்.

மூத்தவள் கடைசியாகச் சுற்றிய இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குக் குடலே வெளியே வந்துவிட்டது. ஒரு முற்பகலில், கண்ணுக்கெட்டியவரை வேறு எதுவும் இல்லாத நீலத்தில், ததேயு இன்ஜினை ஓடவிட்டார். காலடியில் பலகை அதிர்ந்தது. நாலு தட்டு, பிறகு ஓர் இழுப்பு. நாலு தட்டு, ஓர் இழுப்பு. உண்மையைச் சொன்னால், அருவருப்பான சத்தம்.

வெயில் உச்சிக்கு வரும்வரை ஒன்றுமில்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"மாமா, அந்தா!" என்றான் யூஜின்.

தண்ணீருக்கு அடியில் முதலில் தெரிந்தது வெள்ளைப் புள்ளிகள்தான். அப்புறம் பழுப்பு உடம்பு. நான் தொட்டியில் பார்த்த, என் முழங்கை நீளம்கூட இல்லாத அந்தப் பிராணியா இது? ஒன்றரை ஆள் நீளம் இருப்பாள் போலிருந்தது. வயிறு உப்பி, மெதுவாக, நேராக வந்தாள். படகின் பக்கவாட்டில் உடம்பை உரசினாள். திரும்பி வந்து மறுபடி உரசினாள். கருவி அனுப்பிய தகவலைப் பார்த்தேன். வாரக்கணக்காகத் தறிகெட்டுத் துடித்த இதயம் நிதானமாகி இருந்தது.

ததேயு சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டாளே, பாவி" என்றார்.

நான் டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம் வடிவு! பிரமாதம்! ஒண்ணு மட்டும் கவனிங்க. இன்ஜினை நிறுத்தவே கூடாது. குட்டிங்க அத்தனையும் அந்தச் சத்தத்துலதான் பொறக்கணும். அப்புறம் யோசிச்சுப் பாருங்க, அதுங்க வளர்ந்து, அதுங்களோட குட்டிங்க வளர்ந்து, எல்லாமே பிரசவத்துக்கு நாம கூப்பிட்ட இடத்துக்கு வரும். எண்ணலாம், ஊசி போடலாம், காப்பாத்தலாம். கூப்பிட்டா வரும் வடிவு! எந்தக் காட்டு மிருகம் அப்படி வரும்?"

போனை வைத்த பிறகு அந்த வார்த்தைதான் காதில் நின்றது. கூப்பிட்டால் வரும். யார் கூப்பிட்டால்? எங்கள் டைரக்டர் நல்ல மனிதர். அவருக்குப் பிறகு வருகிறவர்? இந்த அதிர்வை யாராவது தரமாகப் பதிவு செய்து, தாழ்ந்த ஒலிக்கு ஒரு கருவியும் செய்துவிட்டால்? சுறாத் துடுப்பை அறுத்து விற்க ஆள் அனுப்புகிறவன் தூண்டிலே போட வேண்டாம். சாவியைத் திருகினால் போதும், வயிறு நிறையக் குட்டிகளோடு இனத்தின் தாய்மார்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். படகைப் பார்த்து ஓடாத குணத்தாலேயே அழிந்த இனத்துக்குப் படகையே தாய்வீடாக்கி வைத்திருக்கிறோம்.

"அண்ணாச்சி" என்றேன். "மொதக் குட்டி வாறதுக்கு முன்ன இன்ஜினை நிறுத்திரணும்."

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்ன சொல்லுதிய? பேறுக்கு வந்தவளை உள்ள வச்சிட்டு வீட்டை அடைக்கவா?"

"அவ வந்தாச்சு. நோவும் தொடங்கிட்டு, அந்தா வயித்தைப் பாருங்க, இறுகுது. இனிமே லேசுல நிக்காது. ஆனா குட்டிங்க கொடி அறுத்துட்டு வெளிய வரும்போது இந்தச் சத்தம் இருந்துச்சுன்னா, அதுகளுக்கும் இதுதான் ஊரு."

"இருந்துட்டுப் போட்டே! ஊரு இருந்தா என்ன கொறைச்சல்?"

"அடுத்த தலைமுறைக்கும் நீங்க வந்து இன்ஜின் ஓட்டுவியளா? அதுக்கு அடுத்த தலைமுறைக்கு? ஓட்ட ஆளில்லாட்டி அத்தனையும் இவளை மாதிரி வயித்தைத் தூக்கிட்டு அலையும். ஓட்டுத ஆளு கெட்டவனா இருந்தா இன்னும் மோசம். இந்தச் சத்தத்தைக் கையில வச்சிருக்கவன் கையில இந்தச் சாதியோட உசிரு இருக்கும். சத்தம் இல்லாம பொறந்தா, அதுகளுக்கு ஊரு இந்தக் கடல். இதை எவனும் உடைக்க முடியாது, விக்க முடியாது."

யூஜின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "டாக்டரம்மா சொல்லுததுல ஞாயம் இருக்கு மாமா."

"ஞாயம் இருக்கு" என்றார் ததேயு. "ஷைனியும் இதைத்தான் சொன்னா. பிள்ளை அயர்லாந்துல பொறந்தா அதுதானே அப்பா அவனுக்கு ஊருன்னு. ஞாயம்தான்னு நானும் சொன்னேன். ராத்திரி முழுக்க உறங்கல்ல." விளிம்பில் குனிந்து மூத்தவளைத் தேடினார். "அடைச்சதும் இவ பயந்து போயிட்டான்னா?"

"போகலாம்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயி, பெறாமச் செத்தும் போகலாம். போகமாட்டான்னு நெனைக்கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் ஏணியில் இறங்கி இன்ஜின் அறைக்குள் போனார்.

நான் கேமராத் திரையில் கண்ணை வைத்தேன். மூத்தவள் படகை ஒட்டி மெதுவாக வட்டமிட்டாள். உடம்பு ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தது. பின்பக்கம் ஒரு சின்ன வால் தெரிந்தது, நுனி வெள்ளையாக.

"அண்ணாச்சி, வருது! நிறுத்துங்க!"

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க!"

நாலு தட்டு, ஓர் இழுப்பு. குட்டி உதறியது. மெல்லிய கொடி இழுபட்டு அறுந்தது. மேகம்போல் கொஞ்சம் இரத்தம் பரவிக் கரைந்தது. குட்டி ஒரு நொடி திகைத்து நின்றது, பிறகு நேராகப் படகின் அடிப்பக்கம் வந்து, சத்தம் வரும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். யூஜின் ஏணியை நோக்கி ஓடினான். அவன் எட்டுவதற்குள் இன்ஜின் நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும். மூத்தவள் வட்டத்தை நிறுத்தினாள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். படகை விட்டு விலகினாள். இன்னும் விலகினாள். திரையில் நீலம்தான் மிச்சம். போய்விட்டாள், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளை நுனிகள் மறுபடி தெரிந்தன. திரும்பி வந்தாள். இந்தத் தடவை படகைத் தேடி வரவில்லை. படகின் நிழல் முடிகிற இடத்தில், திறந்த வெளிச்சத்தில், தனக்கென்று ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அங்கே ஒவ்வொன்றாகப் பெற்றாள். கொடியை உதறிய குட்டிகள் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று மேற்கே, ஒன்று கீழே ஆழத்துக்கு, ஒன்று தாயின் மூக்குக்கு முன்னாலேயே துணிச்சலாகக் கடந்து. தாயும் அவற்றைத் தடுக்கவில்லை. திறந்த கடலில் இந்தச் சுறா குட்டி போட்டதை அதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சத்தம் நின்ற பிறகு பிறந்தவை ஐந்து.

கடைசிக் குட்டியும் போன பிறகு மூத்தவள் கொஞ்ச நேரம் மிதந்தாள். அவளும் போனாள். அப்புறம்தான் படகின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த முதல் குட்டி, என்ன ஆயிற்று என்று தெரியாததுபோல் இரண்டு தடவை இங்கும் அங்கும் போய்ப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி விலகியது.

நான் இன்ஜின் அறைக்குள் இறங்கினேன். ததேயு ஒரு மிதவையின் மேல் உட்கார்ந்து, சூடு ஆறாத இன்ஜினைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் சிக்கிக்கிட்டா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஒரு கம்பியை இழுத்தா நிக்கும். கரையில ஓட்டிப் பாத்தப்ப யூஜின் நிறுத்துனதை நான் பாத்திருக்கேன்."

"ஆமா. ஒரு கம்பிதான்."

எனக்குக் கோபம் வர வேண்டும், வந்துகொண்டும் இருந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டது.

"நீங்க கூப்பிட்டது கேட்டுது" என்றார். "கையைக் கம்பியில தான் வச்சிருந்தேன். அத்தனையும் ஊரு தெரியாம போவாண்டாம்னு தோணிச்சு. ஒண்ணாவது தெரிஞ்சிருக்கட்டும். தப்புதான் டாக்டரே. செஞ்சாச்சு."

"சரி, ஒண்ணே இருக்கட்டும், பத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சு அது வந்து தேடும்போது இந்த இன்ஜின் வேணுமே. இது மண்டபத்துக்காரருக்குச் சொந்தம்."

"கொண்டுபோய்க் குடுப்போம். நானும் கூடவே போவேன். வேனை வேற ஆரும் ஓட்டட்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் விட ஒரு ஆளு அவருக்கும் வேணும்லா."

"அந்த இரைச்சலுக்குப் பக்கத்துலயே பன்னெண்டு வருசமா? அது பொழைக்குமான்னே தெரியாது. பொழைச்சாலும் ஆணா பெண்ணான்னு தெரியாது. வயித்துப் பக்கம் தெரியுறதுக்குள்ள படகுக்கு அடியில போயிட்டு. ஆணா இருந்தா இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது."

"பெண்ணா இருந்தா?"

"வருவா."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு அவர் துடைப்பதைத் தொடர்ந்தார்.

மேலே வந்தேன். செயற்கைக்கோள் போன் அலறிக்கொண்டிருந்தது. யூஜின் அதைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்தேன்.

"என்ன ஆச்சு வடிவு? மைக்ல இன்ஜின் சத்தமே வரலையே!"

"பழைய இன்ஜின் சார். நின்னு போச்சு. தாய் நல்லா இருக்கா."

"அட கடவுளே. குட்டி எத்தனை?"

நான் கடலைப் பார்த்தேன். கேமரா பதிவு என் கையில்தான் இருந்தது.

"அஞ்சு" என்றேன்.

"சத்தத்துல ஒண்ணாவது பொறந்துச்சா?"

"இல்ல சார். அஞ்சும் நின்ன பிறகுதான்."